முதல் டெலி ஜூம் வாங்கும் முன் ஒரு கணக்கு: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்காரர்களுக்கு

கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துக் கிருஷ்ணகிரி அணையில் ஒரு நாரையைப் படம் எடுத்தால் கிடைப்பது நிறைய தண்ணீர், நிறைய வானம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் எல்லோருக்கும் இரண்டு யோசனை வரும். ஒன்று, பெரிய ஜூம் லென்ஸ் வாங்குவது. இன்னொன்று, சின்ன ஜூம் ஒன்றை வாங்கி, பின்னால் டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் சின்னக் கண்ணாடிக் குழல்) மாட்டி இரண்டு மடங்காக்கிக்கொள்வது. இரண்டாவது வழி சிக்கனமாகத் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் வீண்செலவு என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கணக்கோடு பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பு வகுத்தல் பெருக்கல் போதும்.

படி 1: எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்

லென்ஸ் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தை அளக்க வேண்டும். கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நீங்கள் நிற்கும் கரைக்கும் பறவை உட்காரும் பாறைக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று பார்க்கலாம். ஏரிக்கரையில் காலடியால் அளந்தாலும் சரிதான்.

இப்போது கணக்கு. சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, குவியத்தூரத்தால் (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்தால், அந்தத் தூரத்தில் உங்கள் ஃபிரேமுக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று தெரியும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவின் சென்சார் அகலத்தை 24 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள் (கேனனில் 22 தான்). ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் என்றால் 36.

30 மீட்டர் தூரம், 300 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமரா: 24 × 30 ÷ 300 = 2.4 மீட்டர். சின்ன நீர்க்காகம் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். ஆக, ஃபிரேம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பரவாயில்லை, கொஞ்சம் கிராப் செய்தால் (ஓரங்களை வெட்டினால்) நல்ல படம். அதே இடத்தில் சிறிய நீல மீன்கொத்தி உட்கார்ந்தால்? அது 16 செ.மீ. தான். ஃபிரேமில் பதினைந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 6000 பிக்சல் இருக்கும், அதில் பறவைக்குக் கிடைப்பது 400. கைபேசித் திரைக்குப் போதும், அச்சுப்போடப் போதாது. 600 மி.மீ. என்றால் அது 800 ஆகும்.

இதே கணக்கை யானைக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் தள்ளி நின்று 300 மி.மீ. லென்ஸில் எடுத்தாலே ஃபிரேமுக்குள் அடங்குவது 8 மீட்டர். யானை அதில் நன்றாகவே நிறைந்து நிற்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகி விளையும் நேரத்தில் யானை வரும்போது படம் எடுக்க 600 தேவையே இல்லை. கைபேசியோடு கிட்டே ஓடவும் வேண்டாம்.

உங்கள் பட்டியலில் அதிகம் இருப்பது பெரிய பறவையா, சின்னக் குருவியா, காட்டு விலங்கா என்று எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: உங்கள் கேமரா பாடிக்கு எது சேரும்?

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கேனனின் பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் வைத்துப் புதிய ஆர் வகை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) பாடியில் மாட்டலாம். ஆர் வகைக்கான ஆர்எஃப் லென்ஸை, அந்தக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது. நிக்கானில் ஏஎஃப்-பி என்று பெயர் தொடங்கும் லென்ஸ்கள் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோக்கஸ் ஆகாது. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோக்கஸ் மோட்டார் இல்லாததால், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

படி 3: மூன்று கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கூட்டம், கைக்கு அடக்கமானவை. கேனன் 55-250, நிக்கான் டிஎக்ஸ் 70-300 மாதிரி. எடை அரைக் கிலோவைத் தாண்டாது. ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்துகொண்டு படம் எடுக்க இதைவிட நல்லது இல்லை. ஆடுகிற பரிசலில் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஊன்ற இடம் கிடையாது, இரண்டு கிலோ லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் கை பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

இரண்டாவது, நடுத்தரம். 100-400 வகை. கேனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்; ஆனால் 400 மி.மீ. முனையில் எஃப் 8 (இந்த எண் கூடினால் வெளிச்சம் குறையும்; விளக்கம் படி 4-இல்). பளிச்சென்ற வெயிலில் அருமை, மாமரத்து நிழலில் திணறும்.

மூன்றாவது, பறவைக்காரர்களின் கூட்டம். சிக்மா, டாம்ரான் 150-600, நிக்கான் 200-500, சோனி 200-600. எல்லாமே இரண்டு கிலோ அளவில் இருக்கும். சோனி லென்ஸும் நிக்கானின் மிரர்லெஸ் 180-600 லென்ஸும் ஜூம் செய்தால் நீளாது, உள்ளுக்குள்ளேயே நகரும். சிக்மா, டாம்ரான் குழல் வெளியே நீளும். கோடையில் செம்மண் புழுதி பறக்கும் சாலையோரம் நிற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

அணைக்கரை, ஏரிக்கரைப் பறவைகள்தான் உங்கள் ஆசை என்றால், பணம் சேரும்வரை பொறுத்திருந்து நேராக மூன்றாவது கூட்டத்துக்குப் போய்விடுங்கள். முதலில் 300, அப்புறம் 400, அப்புறம் 600 என்று படிப்படியாக ஏறினால் மூன்று லென்ஸுக்கும் செலவு.

படி 4: டெலிகன்வெர்ட்டர் கணக்கு

இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 600 மி.மீ. லென்ஸ், எஃப் 6.3 என்றால் திறப்பு 600 ÷ 6.3, அதாவது சுமார் 95 மி.மீ. சிக்மா கன்டெம்பரரி 150-600, சோனி 200-600 இரண்டுக்கும் முன்பக்க ஃபில்டர் அளவு 95 மி.மீ. என்று இருப்பது இதனால்தான்.

இப்போது பின்னால் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டுகிறீர்கள். குவியத்தூரம் 840 ஆகிறது. முன்னால் இருக்கும் திறப்பு? அதே 95 தான். 840 ÷ 95 = 8.8, கேமரா எஃப் 9 என்று காட்டும். 2 மடங்கு மாட்டினால் 1200 ÷ 95, எஃப் 13. லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சம் கொஞ்சமும் கூடவில்லை, அதைப் பெரிதாக விரித்துப் பரப்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதன் விலையை ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்; கூடக் கூடப் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும்) பாருங்கள். காலை இளவெயிலில் பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்து, எஃப் 6.3-க்கு ஐஎஸ்ஓ 1000 தேவைப்பட்டது என்றால், 1.4 மடங்குக்கு 2000, 2 மடங்குக்கு 4000. கூடவே ஆட்டோஃபோக்கஸும் தடுமாறும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஃபோக்கஸ் எஃப் 5.6 வரைக்கும்தான் உறுதியாக நடக்கும். விலை கூடிய பாடிகள் சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை போகும். மிரர்லெஸ் கேமராக்கள் எஃப் 11-ஐயும் சமாளிக்கும், ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் மெதுவாகிவிடும்.

அதற்குப் பதில், டெலிகன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து கணினியில் 1.4 மடங்கு கிராப் செய்தால் என்ன ஆகும்? 24 மெகாபிக்சல் படத்தில் 12 மிச்சம் இருக்கும். ஏ4 அளவில் சுத்தமாக அச்சிட அது போதும். வேகமான ஃபோக்கஸ் அப்படியே இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது.

அப்படியானால் டெலிகன்வெர்ட்டர் யாருக்கு? எஃப் 2.8 அல்லது எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. 70-200 எஃப் 2.8 லென்ஸில் 1.4 மாட்டினால் 280 மி.மீ. வரை எஃப் 4 கிடைக்கும். 300 எஃப் 4 லென்ஸ் 420 எஃப் 5.6 ஆகும். இவை உண்மையிலேயே நல்ல பேரம். இன்னொரு பயனும் உண்டு, அதிகம் பேர் சொல்வதில்லை: டெலிகன்வெர்ட்டர் மாட்டினாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் மாறாது. அதே கிட்டத்திலிருந்து உருவம் பெரிதாக விழும். மாந்தோப்பில் பட்டாம்பூச்சி, வாய்க்கால் ஓரத்தில் தட்டான் எடுக்கிறவர்களுக்கு இது வரம்.

மாட்ட முடியுமா என்பது தனிக் கேள்வி. கேனனின் சொந்த டெலிகன்வெர்ட்டரில் (அவர்கள் வைத்த பெயர் எக்ஸ்டெண்டர்) முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 55-250 போன்ற லென்ஸில் அது நுழையாது, அழுத்தினால் கண்ணாடிதான் போகும். ஆர்எஃப் 100-500 லென்ஸில் 300 மி.மீ.க்கு மேல் மட்டுமே எக்ஸ்டெண்டரோடு ஜூம் செய்யலாம். நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் மலிவான 'டெலி' கண்ணாடிகள் இணையத்தில் வரும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

படி 5: வாடகைக்கு எடுத்து மோதவிடுங்கள்

நமக்கு ஒரு வசதி உண்டு, பெங்களூரு பக்கம். ஓசூரிலிருந்து 40 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90. அங்கே லென்ஸ் வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். ஒரு வார இறுதிக்கு 150-600 லென்ஸையும் அதற்கான டெலிகன்வெர்ட்டரையும் சேர்த்தே எடுங்கள்.

சோதனை இப்படி. தெருவுக்கு எதிர்ப்பக்கம் எழுத்து உள்ள ஒரு பெயர்ப்பலகை. கேமராவை முக்காலியில் வைத்து, ஜூமின் நீளமான முனையில், முழுத்திறப்பில் ஒரு படம். ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும்படி) மூடி இன்னொன்று. டெலிகன்வெர்ட்டர் மாட்டி அதே இரண்டு. வீட்டுக்கு வந்து, டெலிகன்வெர்ட்டர் இல்லாத படத்தைக் கிராப் செய்து இரண்டிலும் எழுத்து ஒரே அளவாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

இதைக் காலையிலேயே செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் அணை நீரின் மேலும், ஒகேனக்கல் பாறைகளின் மேலும் சூடான காற்று நெளியத் தொடங்கிவிடும். அப்போது தூரத்தில் உள்ள எதையும் எந்த லென்ஸும் கூர்மையாகத் தராது, டெலிகன்வெர்ட்டர் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். நடுப்பகலில் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்கள் நிறைய.

படி 6: வாங்கும் நாளில்

செகண்ட் ஹேண்ட் என்றால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசித் துகள் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக் குழல் தானாக இறங்குகிறதா, முக்காலி வளையத்தின் திருகு இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் இடம். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும் தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. சாம்பல்நிற மலை அணிலும் நீர்நாயும் இருக்கும் காடு அது. உள்ளே போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், லென்ஸ் எவ்வளவு நீளமாக இருந்தாலும். அனுமதி இல்லாத நாட்களில் சாலையோர மின்கம்பியில் பனங்காடையும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும், பழக அவை போதும். ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே போகாமல் தொடங்குங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அல்ல. ஒகேனக்கல் சாரலில் நின்று எடுத்த நாளில் லென்ஸை ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடாமல், வீட்டில் துடைத்து மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.