உப்பைக் கழுவாமல் உதிரிபாகம் வாங்காதீர்கள்

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் பெரியபட்டினத்திலிருந்து ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகனின் மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்தார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. வேறொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி, கணினியை வாங்கிய விலையில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள். "படகு கரையில் நிற்கிற நேரம் தம்பி, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்றார். அடிமூடியைக் கழற்றி, ரேம் என்ற தற்காலிக நினைவகப் பலகையை வெளியே எடுத்தேன். அதன் தங்க நிறப் பற்களின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பற்களையும் அது அமரும் துளையையும் துடைத்து, காயவிட்டு, மீண்டும் பொருத்தியதும் திரை வந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கடற்கரையில் பழைய கணினியையும் கைபேசியையும் பழுது பார்ப்பதில் நடக்கும் தவறுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. உப்பைச் சந்தேகப்படுவதற்கு முன்பே பாகத்தைச் சந்தேகப்பட்டுவிடுகிறோம்.

உலோகம் இந்தக் காற்றில் எப்படி அரிபடுகிறது என்று ஆராய, காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் வர்ணம் பூசியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அத்தனை பெரிய இரும்புக்கே அந்த நிலை என்றால், தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தடங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கடல் நீர் பட்ட பொருள் எத்தனை நாள் காய்ந்தாலும் நம் ஊர்க் காற்றில் முழுதாகக் காய்வதே இல்லை. மழைக்காலத்தில் அடுப்படியில் உப்புச் சாடி கசிகிறதே, அதே கசிவு கணினிக்குள்ளும் நடக்கிறது.

கடலில் விழுந்த கைபேசி

இனி அரிசிக்கு வருகிறேன். நனைந்த கைபேசியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் தங்கச்சிமடத்திலும் இருக்கிறது, கீழக்கரையிலும் இருக்கிறது. அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கலாம். உப்பை இழுக்காது. மூன்று நாள் பானைக்குள் இருந்த கைபேசியில் நீர் குறைந்து உப்பு அடர்ந்திருக்கும். அரிசி மாவு சார்ஜ் துளைக்குள் ஒட்டியிருக்கும். தன் கைபேசிகளை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

அதைவிடக் கொடிய தவறு, வேலை செய்கிறதா என்று பார்க்க உடனே சார்ஜரில் போடுவது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் வழியே மின்சாரம் பாயும்போது நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து வெளியேறும். காற்று மாதக்கணக்கில் செய்யும் அரிப்பை மின்சாரம் சில நிமிடங்களில் செய்துவிடும். எனவே முதல் வேலை, கைபேசியை அணைப்பது. பின்மூடி கழலும் வகை என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். சிம் தட்டையும் வெளியே இழுங்கள். அடுத்து நல்ல நீரில் வெளிப்பக்கத்தையும் துளைகளையும் அலசுங்கள்.

நல்ல நீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர் நீர். அதில் அலசினால் ஓர் உப்பைக் கழுவி இன்னோர் உப்பைப் பூசியதாகும். பேட்டரிக் கடைகளில் இன்வெர்ட்டருக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு கேனை வீட்டில் வைத்திருங்கள். அலசிய கையோடு, அன்றைக்கே, கைபேசியைத் திறந்து பேட்டரி இணைப்பைப் பிரித்துப் பலகையைக் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். "நாளை பார்க்கலாம்" என்று விட்ட கைபேசிகளைத்தான் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

நீர் புகாது என்பதற்கான ஐபி68 குறியீடு பெட்டியில் போட்டிருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. அதிலும் பழைய கைபேசியில், ஒருமுறை திரை மாற்றிய கைபேசியில், நீரைத் தடுக்கும் பசை முன்போல் இறுக்கமாக இருக்காது. தனுஷ்கோடி அலையில் நின்று படம் எடுக்க அந்த எழுத்தை நம்பாதீர்கள்.

எதைக் கொண்டு துடைப்பது

படகு உள்ள வீடுகளில் தின்னர், பெட்ரோல், துரு நீக்கும் எண்ணெய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூன்றும் இதற்கு ஆகாது. தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். எண்ணெய் தங்கிப்போய் மணலையும் தூசியையும் பிடித்து வைக்கும். கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினித் திரவமும் ஆகாது; அதில் நீரும் பிசினும் கலந்திருக்கும். வாங்க வேண்டியது 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். மின்னணு உதிரிபாகக் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். மென்மையான பல் துலக்கி ஒன்று, நூல் பிரியாத துணி ஒன்று போதும். மின் இணைப்பையும் பேட்டரியையும் பிரித்த பிறகே தொடுங்கள். அது தீப்பற்றும் திரவம். அடுப்பு எரியும் அறையில் வேண்டாம்.

பச்சை பூத்து, உப்பு கட்டியாகிவிட்ட இடத்தில் ஆல்கஹால் மட்டும் போதாது. உப்பு நீரில்தான் நன்றாகக் கரையும். முதலில் டிஸ்டில்டு வாட்டரில் துலக்கியை நனைத்துத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் அந்த நீரை விரட்டுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்து, பத்து நாளில் அதே பழுது திரும்பி வந்த கணினிகள் உண்டு. ரேமின் பற்களை உப்புத்தாளால் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அது போனால் அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் உப்புக் காற்றுக்கு நேராக வெளியே வந்துவிடும்.

பழுதைத் தேடும் வரிசை

ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது. மேசைக் கணினி என்றால் ஹார்ட் டிஸ்க், டிவிடி, கூடுதல் அட்டைகள் அனைத்தையும் பிரித்துவிட்டு மதர்போர்டு, பிராசஸர், ஒரு ரேம் இவற்றோடு மட்டும் இயக்கிப் பாருங்கள். ரேமை ஒவ்வொரு துளையிலும் மாற்றிப் பாருங்கள். உயிர் வந்தால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

ஹார்ட் டிஸ்க் மெதுவாகிறது, கோப்பு கெடுகிறது என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் படித்துப் பாருங்கள். அங்கே 05, சி5 என்ற எண்களுக்கு எதிரே மதிப்பு ஏறினால் வட்டு உள்ளுக்குள் தேய்கிறது. தரவைப் படியெடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். சி7 என்ற எண் மட்டும் ஏறினால் கதை வேறு. அது வட்டுக்கும் பலகைக்கும் இடையே தகவல் சிதைகிறது என்பதன் கணக்கு. கேபிளோ அதன் முனையோ கெட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கேபிளின் விலை மிகச் சொற்பம். அதை மாற்றிப் பார்க்காமல் நல்ல வட்டைத் தூக்கிப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வங்கித் தளம் திறக்கவில்லை, பாதுகாப்பற்ற இணைப்பு என்று எச்சரிக்கை வருகிறது என்று இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று கணினி நினைத்துக்கொள்ளும். அந்த 3 வோல்ட் பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

மேம்படுத்தும்போது

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் பழைய அலுவலக மடிக்கணினிகளும் இங்கே நிறைய விற்கின்றன. விற்பவர் இன்டெல் பிராசஸரின் பெயரை "ஐ5" என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குப் பின் வரும் எண்ணைக் கேளுங்கள். 6300 என்று தொடங்கினால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கும். ஆறாம் தலைமுறைக் கணினி வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் படிப்புக்கும் கணக்குக்கும் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் எட்டாம் தலைமுறையின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போடுங்கள். வேறு எதுவும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. சுழலும் பாகமே இல்லாததால் பஸ் குலுக்கலையும் தாங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்.2 என்ற சிறிய பலகை வடிவ எஸ்எஸ்டியில், கணினியோடு தகவல் பரிமாறும் முறையைப் பொறுத்து, சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; ஒன்றுக்கான துளையில் மற்றொன்று பொருந்தினாலும் வேலை செய்யாமல் போகலாம். உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு எது ஏற்கும் என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். நம்ப முடியாத மலிவில் 2 டெராபைட் என்று வருபவற்றில் போலி நிறைய. உள்ளே சிறிய நினைவகத்தை வைத்துப் பெரியதாகக் காட்டுவார்கள். முழுக் கொள்ளளவும் எழுதித் திருப்பிப் படித்துச் சோதிக்கும் வரை அதில் கல்யாணப் படங்களை ஏற்றாதீர்கள்.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தித் திணித்தால் துளை உடையும். டிடிஆர்3-க்குள்ளேயே 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் உண்டு; பின்னதை மட்டுமே ஏற்கும் மடிக்கணினிகள் இருக்கின்றன. பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டை மாற்றினாலோ கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தாலோ கணினி அதைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் திறக்க வழியே கிடையாது.

பழைய கைபேசி வாங்கினால், *#06# அழுத்தி, கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். KYM என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் விவரம் வரும். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்க வேண்டும். நீக்காமல் அழித்துக் கொடுத்த கைபேசி அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு பூட்டியே கிடக்கக்கூடும்.

பேட்டரி உப்பி, தொடுபலகை மேலெழுந்து வந்தால் அன்றோடு அந்தக் கணினியை நிறுத்திவிடுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது.

கணினி இருக்கும் இடம்

கடலைப் பார்த்த சன்னலுக்கு அடியில் மேசைக் கணினியை வைத்தால் அதன் விசிறி நாள் முழுவதும் உப்புக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவில் பிளாஸ்டிக் உறையால் மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும். மணல் தரையில் வீடு கட்டியவர்கள் எர்த் இணைப்பை ஆள் வைத்துச் சோதியுங்கள். காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்று சொல்லிக்கொண்டே பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுப் பயன்படுத்தும் வீடுகள் இருக்கின்றன. குழந்தைகள் தொடும் பொருள் அது.

பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டி வைத்த கணினி, தினமும் ஓடும் கணினியைவிட விரைவில் அரிக்கும். ஓடும் கணினியின் சூடு உள்ளிருக்கும் ஈரத்தைக் குறைக்கிறது. அணைந்து கிடப்பதற்கு அந்தச் சூடு இல்லை. தடைக்காலத்தில் ஊரில் இருக்கும்போது மட்டும் தொடுகிற கணினி என்றாலும், வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் ஒருமுறை மூடியைக் கழற்றி, ரேமை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டால் அந்த மழைக்காலம் முழுவதும் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.