உயிர் இயற்பியலில் உதவிப் பேராசிரியர் பணி: விண்ணப்பிக்கும் முறை, படிப்படியாக

முனைவர் பட்டமும் அதற்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியும் முடித்து, முதன்முறையாக உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயிர் இயற்பியல் என்ற பெயரில் தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு என்பதால், நம்மில் பெரும்பாலோர் இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், உயிர்மருத்துவப் பொறியியல் ஆகிய துறைகளில்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஒரே ஆய்வை இத்துறைகள் ஒவ்வொன்றும் வேறொரு கேள்வியை மனத்தில் வைத்துப் படிக்கின்றன. அந்தக் கேள்வி எது என்று முன்கூட்டியே கண்டறிவதுதான் விண்ணப்ப வேலையில் பாதி.

படி 1: அறிவிப்பைத் தேடுதலும் படித்தலும்

"உயிர் இயற்பியல்" என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாமலே போய்விடும். கட்டமைப்பு உயிரியல், கணிப்பு உயிரியல், மென்பருப்பொருள் இயற்பியல், நரம்பியல் ஆகிய தலைப்புகளிலும் தேடுங்கள். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறிவிப்புகள் வெளியாகும். கடைசி நாள் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் அமையும். பணியில் சேர்வது அடுத்த கல்வியாண்டில்தான். வேறு பல நாடுகளில் இப்படி ஒரு பருவம் கிடையாது. இடம் காலியாகும்போது அறிவிப்பு வரும். எப்படியானாலும், ஆவணங்களை எழுதத் தொடங்க மூன்று மாதமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில் உள்ள ஆய்வுப் பிரிவுகளின் பட்டியலைவிட, புதியவர் எந்தப் பாடங்களை நடத்த வேண்டும் என்ற வரியைக் கூர்ந்து படியுங்கள். மின்காந்தவியல் நடத்த ஆள் தேடும் துறைக்கும், புரத வேதியியல் நடத்த ஆள் தேடும் துறைக்கும் ஒரே கடிதம் பொருந்தாது. முதல் ஆண்டில் நான் அப்படித்தான் ஒரே கடிதத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்பினேன். அதில் ஒன்றில் முந்தைய துறையின் பெயரை மாற்றக்கூட மறந்திருந்தேன் என்பதை அனுப்பிய பிறகே கவனித்தேன்.

படி 2: பரிந்துரையாளர்கள்

பெரும்பாலான இடங்களில் மூன்று கடிதங்கள் கேட்பார்கள். சில இடங்களில் நான்கோ ஐந்தோ கேட்பதுண்டு. முனைவர் பட்ட நெறியாளரும் பிந்தைய ஆய்வின் நெறியாளரும் தவிர்க்க முடியாதவர்கள். மூன்றாமவரைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இருவரும் இயற்பியலாளர்கள் என்றால், உங்கள் அளவீடு உயிரியலுக்குப் பயன்பட்டது என்று சாட்சி சொல்லக்கூடிய ஓர் உயிரியலாளரை நாடுங்கள். அவர்கள் உயிரியலாளர்கள் என்றால், உங்கள் கணிதமும் கருவியும் உறுதியானவை என்று சொல்லத் தகுந்த இயற்பியலாளரை நாடுங்கள். ஆறு வாரம் முன்னதாகவே கேட்டு, ஆய்வுத் திட்டத்தின் வரைவையும் உடன் அனுப்பிவிடுங்கள்.

படி 3: ஆய்வுத் திட்ட அறிக்கை

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே செல்ல வேண்டும். அறிவிப்பில் பக்க வரம்பு இருந்தால் அதை மீறாதீர்கள். இல்லாவிட்டால் மூன்று முதல் ஐந்து பக்கங்கள் போதும். தேர்வுக்குழுவில் உங்கள் உட்பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம் என்பதால், முதல் பக்கம் முழுவதும் துறையிலுள்ள எவருக்கும் விளங்க வேண்டும்.

செல்லுக்குள் சரக்கைச் சுமந்து செல்லும் கைனசின் என்னும் மோட்டார் புரதத்தை எடுத்துக்கொள்வோம். அது செல்லுக்குள் தடம்போல் நீளும் நுண்குழலின் மேல் 8 நானோமீட்டர் அடிகளாக நடக்கிறது. எதிர்விசை ஏறத்தாழ 6 பிக்கோநியூட்டனை எட்டும்போது நின்றுவிடுகிறது. இயற்பியல் துறைக்கு எழுதும்போது இவ்விரண்டையும் பெருக்கிக் காட்டலாம்: கிடைக்கும் 48 பிக்கோநியூட்டன் நானோமீட்டர், அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவான 4.1 பிக்கோநியூட்டன் நானோமீட்டரைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு. இவ்வளவு நெருக்கமான வெப்ப அலைக்கழிப்புக்கு நடுவே ஒற்றை மூலக்கூறு எப்படி ஒரே திசையில் வேலை செய்கிறது என்பது இயற்பியலாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும் கேள்வி. உயிர்வேதியியல் துறைக்கோ, நீண்ட நரம்பிழையில் சரக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது, புரதத்தின் எந்த அமினோ அமிலம் மாறினால் அந்த நடை தடுமாறுகிறது என்று தொடங்க வேண்டும். செய்யப்போகும் சோதனை இரண்டிலும் ஒன்றே. முதல் பத்தி மட்டும் வேறு.

கருவியை முன்னிறுத்தி எழுதுவது தொடக்கநிலையினர் அதிகம் செய்யும் பிழை. நுண்ணிய துகளை லேசர் ஒளியால் பிடித்து நகர்த்தும் ஒளி இடுக்கியை ஆர்தர் ஆஷ்கினும் உடன் ஆய்வாளர்களும் செய்துகாட்டியது 1986-இல். அதை இயக்கத் தெரியும் என்பது இன்று ஒரு திறன்தானே தவிர, திட்டம் ஆகாது. புரதக் கட்டமைப்பை ஆய்பவர்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரலைப் பற்றிய கட்டுரை 2021-இல் வந்த பிறகு, கணினியால் கணிக்கக்கூடிய வடிவத்தை ஏன் அளக்க வேண்டும் என்று குழு கேட்கும். புரதத்தின் இயக்கம், இடைநிலை வடிவங்கள், அவற்றுக்கிடையிலான ஆற்றல் வேறுபாடு என உங்கள் விடை எதுவானாலும், கேட்கும்வரை காத்திராமல் அதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

நெறியாளரின் ஆய்விலிருந்து உங்கள் திட்டம் எங்கே பிரிகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், திட்டம் இன்னும் முற்றவில்லை என்று பொருள்.

படி 4: மற்ற ஆவணங்கள்

முகப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். தன்விவரக் குறிப்பில் வெளியான கட்டுரைகளையும் பரிசீலனையில் உள்ளவற்றையும் கலக்காதீர்கள். கற்பித்தல் அறிக்கையில் கொள்கை பேசுவதைவிட, கணிதம் குறைவாகப் படித்த உயிரியல் மாணவருக்கு விரவலை (மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதை) எப்படி விளக்குவீர்கள் என்று ஓர் எடுத்துக்காட்டைத் தருவது நல்லது.

படி 5: நேர்காணல்

துறைக் கருத்தரங்க உரைக்குப் பலரும் நன்றாகத் தயாராகிறார்கள். சறுக்குவது கரும்பலகை உரையில்தான். படவில்லைகள் இல்லாமல், பலகையில் எழுதியபடியே எதிர்காலத் திட்டத்தை விளக்கும்போது குழுவினர் இடைமறித்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் சோதனை தோற்றால் என்ன செய்வீர்கள், முதல் மாணவருக்கு எந்த வேலையைக் கொடுப்பீர்கள், எந்த நிதி அமைப்பை அணுகுவீர்கள் என்ற மூன்றுக்கும் விடையோடு போங்கள். உங்கள் உட்பிரிவை அறியாத நண்பர்களை உட்கார வைத்து, இடைமறிக்கச் சொல்லி இரண்டு முறையாவது பழகுங்கள்.

புதிய ஆய்வகம் அமைக்கப் பல்கலைக்கழகம் தரும் தொடக்க நிதிக்கான பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். லேசர், கேமரா, அதிர்வு தாங்கும் ஒளியியல் மேசை ஆகியவற்றை எழுதுபவர்கள் அறையை மறந்துவிடுகிறார்கள். நானோமீட்டர் அளவில் அளப்பவருக்கு மேல்மாடி அறையின் அதிர்வும் குளிரூட்டியின் காற்றோட்டமும் பெருந்தொல்லை. கீழ்த்தளத்தில், வெப்பநிலை நிலையாக இருக்கும் அறையைக் கேளுங்கள். செல் வளர்ப்புக்கான இடம் அருகில் உண்டா, உறைந்த நிலையில் மூலக்கூறுகளைப் படமெடுக்கும் க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி பொதுப் பயன்பாட்டில் இருந்தால் அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

பணி வாய்ப்பு வந்தால், வாய்மொழியாகச் சொன்ன அனைத்தையும் நியமனக் கடிதத்தில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள். குறிப்பாக, ஆய்வகச் சீரமைப்பு எந்த மாதத்தில் முடியும் என்பதும், அது தாமதமானால் பணி நிரந்தரத்துக்கான கால வரம்பு அதற்கேற்ப நீட்டிக்கப்படுமா என்பதும் கையொப்பமிடும் முன்பே அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.