செம்பனைத் தோட்டத்துக்குத் துப்பாக்கி லைசென்ஸ்: எடுப்பதும் புதுப்பிப்பதும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தமாகச் செம்பனை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி செய்யும் அட்டகாசம் தெரியும். மறுநடவு செய்த கன்றை இரவோடு இரவாகக் கிளறிச் சாய்த்து, குருத்தைத் தின்றுவிட்டு மட்டையை மட்டும் போட்டுப் போகும். அந்த ஆத்திரத்தில் சிலர் பாக்காகுக் என்கிற நாட்டுத் துப்பாக்கியைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. நாலு கன்றுக்காக இதையெல்லாம் அனுபவிக்க வேண்டுமா?

முதலில், துப்பாக்கி தேவைதானா என்று பாருங்கள். சின்ன நிலமென்றால் கன்றைச் சுற்றிக் கம்பி வலை கட்டுவதே போதும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மட்டும் மனு போடுங்கள்.

லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு. மனுப் பாரம் பற்றி மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேளுங்கள். என்னென்ன பத்திரம் வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மைகார்டு என்கிற அடையாள அட்டை, நிலத்தின் கிராண்ட் என்கிற பட்டா இரண்டையும் நகலோடு தயாராக வைத்திருங்கள்.

மனுவில் அதிகம் கவனிக்க வேண்டியது காரணம் எழுதும் இடம். "பன்றித் தொல்லை அதிகம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வராதீர்கள். நிலம் எங்கே, எத்தனை ஏக்கர், எந்த மாதம் நட்டது, எத்தனை கன்று போனது, வலை கட்டிப் பார்த்தீர்களா என்று மலாயில் தெளிவாக எழுதுங்கள். சாய்ந்த கன்று, மண்ணில் பதிந்த குளம்படி இரண்டையும் தேதி தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். படித்துப் பார்க்கிற அதிகாரி உங்கள் நிலத்தில் கால் வைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதினால் சரியாக வரும்.

அப்புறம் போலீஸ் உங்கள் பின்னணியை அலசுவார்கள், கேள்வி கேட்பார்கள். பழைய வழக்கு ஏதும் இருந்தால் மறைக்காதீர்கள். அனுமதி கைக்கு வராமல் கடைக்காரரிடம் முன்பணம் கட்டவே கூடாது.

இன்னொன்று, போலீஸ் தருவது துப்பாக்கிக்கான லைசென்ஸ். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். அதனால் சுடுவதற்கு முன் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையிடமும் பேசிவிடுங்கள்.

வீட்டில் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. தோட்டத்துக்குக் கொண்டு போகும்போது குழாயை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள். திரும்பி வந்ததும் மறுபடியும் பாருங்கள். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இதில் சலுகையே கிடையாது. தம்பியோ மச்சானோ "ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடு" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர். தொலைந்துபோனால் அன்றைக்கே பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், புகார் கொடுங்கள்.

புதுப்பிப்பது பெரிய வேலையில்லை, ஆனால் தள்ளிப்போட்டால் ஆபத்து. லைசென்ஸில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். துப்பாக்கியைப் பரிசோதனைக்குக் காட்டச் சொன்னால் தோட்டா போடாமல், உறையில் வைத்து, லைசென்ஸோடு கொண்டு போங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் வரிசை எண்ணைப் படிக்க அவர்களுக்கும் சுலபம்.

அப்பா இறந்த வீடுகளில்தான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கிராண்ட் மகன் பேருக்கு மாறினாலும் லைசென்ஸ் அப்படி மாறாது. "அப்பா வைத்திருந்தது" என்று அலமாரியில் விட்டுவைத்தால், லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வீட்டில் இருக்கிறது என்றுதான் கணக்கு. காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பாலாய்க்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட்டு, எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மகனுக்குத் தேவையென்றால் தன் பெயரில் புதிதாக மனு போடட்டும்.