ப்ரீ ஷேவ் எண்ணெய் பூசியும் முகம் எரிகிறதா?

சவரத்துக்கு முன் பூசும் எண்ணெயையோ கிரீமையோ வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான்: எரிச்சல் குறையவில்லை, நுரை நிற்கவில்லை. இரண்டுக்கும் பழி சீசாவின் மேல் விழுகிறது. மதுரையில் அந்தப் பழியில் பெரும்பங்கு தண்ணீருக்கும், பூசிய கைக்கும் போக வேண்டியது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காய்ந்த முகத்தில் எண்ணெய் தேய்ப்பது. தாடி மயிரை இளக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர். மயிர் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்வரை நீரை உறிஞ்சக்கூடியது. அப்படி ஊறிய மயிரை வெட்ட பிளேடுக்கு மிகக் குறைந்த விசை போதும். ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். வெதுவெதுப்பான நீர் என்றால் இன்னும் நல்லது. முதலில் எண்ணெயைப் பூசிவிட்டால் நீர் உள்ளே போகும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். எண்ணெயின் வேலை அதற்குப் பிறகுதான்: ஊறிய மயிரிலிருந்து ஈரம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது, தோலின் மேல் பிளேடு வழுக்கிப் போக உதவுவது. பழைய சலூன்களில் முகத்தில் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் தேய்த்து, மறுபடியும் தெளித்துத் தேய்ப்பார்கள். அவசரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும். சவரத்துக்கு முந்தைய தயாரிப்பு என்பது முக்கால்வாசி அதுதான். வீட்டில் குளித்து முடித்த கையோடு, முகத்தைத் துடைக்காமல் எண்ணெய் பூசினால் போதும்.

அடுத்தது தண்ணீர். இங்கே பல வீடுகளில் குளியலறைக் குழாயில் வருவது போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். வாளியின் விளிம்பிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும் ஷேவிங் சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத கசடாகின்றன. நுரையாக வேண்டிய சோப்பில் ஒரு பகுதி இப்படியே வீணாகிறது. மிச்சம் வரும் நுரையும் மெலிந்து, கன்னத்திலேயே காய்ந்துவிடுகிறது. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சிய மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 600வரை பொறுக்கலாம் என்கிறது. குளிக்கிற போர் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஆகவே எண்ணெயைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. முகத்தில் எதையும் பூசாமல், ஒரு கிண்ணத்தில் போர் தண்ணீரிலும் இன்னொன்றில் கேன் தண்ணீரிலும் அதே சோப்பை, அதே பிரஷால் குழைத்துப் பாருங்கள். கேன் தண்ணீரில் மட்டும் நுரை நின்றால் குற்றவாளி போர் தண்ணீர். இரண்டு கிண்ணத்திலும் நின்ற நுரை, பிறகு எண்ணெய் பூசிய முகத்துக்குப் போனதும் சரிந்தால், எண்ணெய் அதிகம். சவரத்துக்கு ஒரு குவளை கேன் தண்ணீரோ, வைகையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீரோ போதும். கழுவுவதற்குக் குழாய் நீரே இருக்கட்டும். போர் தண்ணீரைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நன்றாகக் கொதிக்கவிட்டு, படிவு இறங்கிய பிறகு மேல்நீரை எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், முழுவதும் போகாது. கை பொறுக்கும் சூட்டில் இறக்கினால் அந்தப் பகுதியும் குறையாது.

அளவு விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கை, முகத்துக்கும் அப்படியே ஊற்றுகிறது. மூன்று நான்கு சொட்டு போதும். உள்ளங்கைகளில் பரப்பி, ஈர முகத்தில் மயிர் வளரும் திசைக்கு எதிராக ஒருமுறை தேய்த்தால் வேர்வரை போய்விடும். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் நுரைக் குமிழியை உடைக்கிற வேலையைத்தான் செய்யும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அன்று தனியாக எதுவும் பூசவே வேண்டாம். சீயக்காய்க்குத் தப்பி முகத்தில் நிற்பதே தாராளம்.

எந்த எண்ணெய் என்றால், வாசனைக்காக நூற்றுக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை; அதற்காக அடுக்களையில் இருப்பதெல்லாம் முகத்துக்கு ஆகும் என்பதும் இல்லை. கடுகெண்ணெய் பலருக்கு எரியும். விளக்கெண்ணெய் நன்றாக வழுக்கும், ஆனால் தனியாகப் பூசினால் பிசுபிசுத்துப் பிளேடில் ஒட்டும்; இலேசான இன்னொரு எண்ணெயோடு கொஞ்சமாகக் கலக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் அதைக் கையிலேயே இளக்கிவிட்டுப் பூச வேண்டும். அதைவிட முக்கியமாக, தேங்காய் எண்ணெய் தோலின் துளைகளை அடைக்கக்கூடியது. பரு உள்ள முகத்துக்கு ஆகாது. செக்கு எண்ணெயாகவே இருந்தாலும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியதை முகத்துக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

கடையில் விற்கும் சில ப்ரீ ஷேவ் கிரீம்களில் யூகலிப்டஸ் இருப்பதைப் படித்துவிட்டு, நீலகிரித் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுகிற வீட்டு விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். தைலத்தைக் கை அளவில் ஊற்றிக் கலந்து, அந்தத் தோலின் மேல் பிளேடையும் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோற்றுக் கற்றாழை வைப்பவர்கள், வெட்டியதும் வழிகிற மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பால் சிலருக்கு அரிக்கும்.

எண்ணெயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருந்துக்கடைக் கிளிசரின் நல்ல மாற்று. அது நீரில் கரைவதால் நுரையைக் கெடுப்பதில்லை. ஆனால் அப்படியே பூசாமல், சில சொட்டுகளைத் தண்ணீரில் நன்றாக நீர்த்துக்கொள்ள வேண்டும்.

கிரீமில் வரும் குழப்பம் வேறு வகை. ப்ரீ ஷேவ் கிரீம் என்பது ஷேவிங் கிரீம் அல்ல. அதை மட்டும் பூசி மழித்துவிட்டு ‘இது சரியில்லை’ என்பவர்கள், சோற்றை வைக்காமல் சாம்பாரைக் குறை சொல்கிறவர்கள். இத்தாலியின் ப்ரோராசோ போன்ற கிரீம்களை ஈர முகத்தில் மெல்லிய படலமாகத் தடவி, கழுவாமல், அதன் மேலேயே நுரையைப் போட வேண்டும். இன்னொரு வகையும் உண்டு: எலெக்ட்ரிக் ஷேவருக்கான ப்ரீ ஷேவ் லோஷன். பெரும்பாலும் ஆல்கஹால் கலந்த அது முகத்தை உலர்த்தி மயிரை விறைப்பாக்குவதற்கானது. ஈரச் சவரத்துக்கு வேண்டியதோ நேர்மாறானது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால், வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கத்திரி வெயிலில் மெந்தால் கலந்த கிரீமை அள்ளிப் பூசத் தோன்றும். அந்தக் குளிர்ச்சி நரம்பு சொல்கிற சேதி மட்டும்தான், தோல் சூடாகவே இருக்கிறது, வியர்வையும் நிற்காது. குளிர்ச்சியில் தோல் மரத்தாற்போல் இருக்கும்போது பிளேடை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாமல் போகிறது. படிகாரம் இதற்கு மாற்றாகாது; தோலை இறுக்கும் அது சவரம் முடிந்த பிறகு போடுவது.

பூசி முடித்த கையை சோப்பால் கழுவிவிட்டே ரேசரைப் பிடியுங்கள். வழுக்குகிற கைப்பிடியோடு தாடை வளைவில் வேலை வேண்டாம். மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர்களில் எண்ணெயும் மயிரும் நுரையும் சேர்ந்து இடுக்குகளை அடைக்கும், அதனால் இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ஓடும் நீரில் அலசுங்கள். ஒற்றைப் பிளேடு செட்டில் இந்தத் தொல்லை குறைவு. முடிந்ததும் தலைப்பகுதியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, உதறிக் காய வைத்தால் பிளேடில் பிசுக்கு தங்காது. குளியலறைத் தரையிலும் ஒரு குவளை சோப்புத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அடுத்துக் குளிக்க வருபவர் வழுக்கி விழக் கூடாது.