மோட்டார் ஹோமில் கெட்டிஸ்பர்க் போர்க்களம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் ஊரைச் சுற்றியுள்ள வயல்களிலும் குன்றுகளிலும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த போரில், இறந்தோர், காயமுற்றோர், பிடிபட்டோர், காணாமற்போனோர் என வடபுலம், தென்னகம் ஆகிய இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர் கணக்கிடப்பட்டுள்ளனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோன அந்தக் களம் இன்று தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்தும் வர்ஜீனியாவிலிருந்தும் கோடை விடுமுறையில் மோட்டார் ஹோம் என்னும் நடமாடும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே செல்லும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இத்தகைய பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்: ஊர் போய்ச் சேரவும் இரவில் உறங்கவும் உதவும் வண்டியை, களத்தைச் சுற்றிப் பார்க்கும் வண்டியாகவும் கருதிவிடுகிறோம்.

புறப்படும் முன்பே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. மோட்டார் ஹோமில் சமையலுக்கும் வெப்பமூட்டிக்கும் புரொப்பேன் வாயு உருளை இருக்கும். பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் செல்லும் இரு சுரங்கச் சாலைகளிலும் புரொப்பேன் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருக்கிறது. முன்பு இத்தகைய வண்டிகள் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சென்றன. அந்தப் பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்து விழுந்தது. ஆகவே தெற்கிலிருந்து பால்டிமோர் வழியாக வருவோர், கைபேசி காட்டும் குறுக்குவழியை அப்படியே நம்பாமல், 695ஆம் எண் வட்டச்சாலையின் மேற்குப் பாதியில் வருமாறு திட்டமிட வேண்டும். வாஷிங்டன் பக்கமிருந்து வருவோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஃபிரெடரிக் நகர் வழியாக 15ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே வந்துவிடலாம்.

கெட்டிஸ்பர்க் ஊரின் நடுவில் லிங்கன் சதுக்கம் என்ற சிறிய வட்டச் சந்திப்பு இருக்கிறது. நாற்புறமும் கடைகளும் பழைய கட்டடங்களும் நெருங்கி நிற்க, கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் நடப்பவர்களும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைகிறார்கள். முப்பது அடி நீள வண்டியை முதன்முறையாக ஓட்டுபவர் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது. களத்தின் உட்சாலைகளோ இன்னும் குறுகலானவை. பல ஒருவழிச் சாலைகள், சில இடங்களில் மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும். திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வீசித் திரும்பும்போது, சாலையோரத்திலேயே நிற்கும் கல்தூண் ஒன்றை இடித்துவிட எவ்வளவு நேரமாகும்? பார்வையாளர் மையத்தில் பெரிய வண்டிகளுக்கென்று தனி நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கோ முகாமிலோ மோட்டார் ஹோமை விட்டுவிட்டு, பின்னால் இழுத்து வந்த சிறு காரிலோ, சைக்கிளிலோ, மையத்திலிருந்து புறப்படும் பேருந்திலோ களத்திற்குள் செல்ல வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் 1915 முதல் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போரை விளக்குவார்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறெதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், இதில் குறைக்க வேண்டாம்.

எனினும் காரில் மட்டுமே சுற்றுவதும் தவறுதான். அதற்குக் காரணம் மூன்றாம் நாள் போர் நடந்த வெளி. ஜூலை 3 பிற்பகலில், நீண்ட பீரங்கித் தாக்குதலுக்குப் பின், தளபதி ராபர்ட் லீயின் ஆணைப்படி 12,000க்கும் மேற்பட்ட தென்னகப் படையினர் செமினரி மேட்டின் மரவரிசையிலிருந்து வெளிப்பட்டு, ஏறக்குறைய ஒரு மைல் திறந்த வெளியைக் கடந்து, வடபுலத் தளபதி ஜார்ஜ் மீடின் படை நின்ற செமிட்டரி மேட்டை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ பிடிபட்டோ போனார்கள். லீயின் சிலை நிற்கும் வர்ஜீனியா நினைவுச்சின்னத்தருகே வண்டியை நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த வெளி தட்டையாகத் தெரியும். இவ்வளவு வெட்டவெளியில் ஏன் நடந்தார்கள் என்ற கேள்வியோடு திரும்பிவிடுவோம். இறங்கி நடந்தால்தான் தரை ஏறி இறங்குவது காலுக்குத் தெரியும். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது எதிர்மேடு கண்ணிலிருந்து மறைகிறது, அடுத்த ஏற்றத்தில் முழுவதும் எதிரே வந்து நிற்கிறது. எம்மிட்ஸ்பர்க் சாலையின் வேலிகளைத் தாண்ட வேண்டியிருந்த இடத்தை அடையும்போது, அதற்கப்பால் ஒளிவதற்கு எதுவுமில்லை என்பதை யாரும் சொல்லாமலே உணர்கிறோம். எதிர்ப்புறத்துக் கற்சுவர் வரை நிதானமாக நடக்க அரைமணி நேரம் போதும். வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியிருக்கும் என்பதால் தண்ணீரும் தொப்பியும் அவசியம். கோடையில் உயரமான புல்லில் உண்ணிகள் இருக்கும், அவற்றால் லைம் நோய் பரவுகிறது; ஆகவே முழுக்கால் உடை அணிந்து, வண்டிக்குத் திரும்பியதும் குழந்தைகளின் கால்களைச் சோதிக்க வேண்டும்.

அரை நாளில் முடித்துவிடலாம் என்று வருவோர் நேராக லிட்டில் ரவுண்ட் டாப் குன்றுக்குப் போய்விடுகிறார்கள். பல மாதச் சீரமைப்புக்குப் பின் 2024இல் திறக்கப்பட்ட அந்தக் குன்று பார்க்கத்தக்கதுதான், ஆனால் அது இரண்டாம் நாளின் கதை. முதல் நாள் காலையில் ஊருக்கு வடமேற்கே மெக்பெர்சன் மேட்டில் வடபுலத் தளபதி ப்யூஃபர்டின் குதிரைப்படை தென்னகப் படையைத் தாமதப்படுத்தியதையும், அதே தரப்பின் தளபதி ரெனால்ட்ஸ் அங்கே வீழ்ந்ததையும், வடபுலப் படை ஊருக்குள் பின்வாங்கித் தெற்கிலுள்ள குன்றுகளைப் பிடித்துக்கொண்டதையும் அறியாமல், இரண்டாம் நாள் அந்தக் குன்றுக்காக ஏன் அவ்வளவு பேர் மடிந்தார்கள் என்பது விளங்காது. 24 மைல் கார்ச் சுற்றுப்பாதை நாள் வரிசையில்தான் அமைந்திருக்கிறது. அதை இரண்டு நாட்களில், வரிசை மாறாமல் பார்ப்பதே முறை.

களத்தில் 1,300க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களும் குறிகற்களும் உள்ளன. அவற்றைச் சிற்பங்களாக மட்டும் பார்த்துச் செல்வது பலர் செய்யும் பிழை. ஒரு படைப்பிரிவின் சின்னம் பெரும்பாலும் அந்தப் பிரிவு போரிட்ட இடத்திலேயே நிற்கிறது. அதன் இருபுறமும் புல்லில் மறைந்திருக்கும் சிறு கற்கள் அணியின் இடமுனையையும் வலமுனையையும் காட்டுகின்றன. அவ்விரண்டு கற்களுக்கு நடுவே நின்று பார்த்தால் நூற்றுக்கணக்கான மனிதர்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றார்கள் என்பது தெரியும். குதிரைச் சிலையின் தூக்கிய கால்களை வைத்து வீரர் இறந்தாரா, காயமுற்றாரா என்று சொல்லும் கதையை நம்ப வேண்டாம். ஒரு கால் தூக்கியிருந்தால் காயமுற்றார் என்பது அந்தக் கதை; இப்போரில் காயமே படாத தென்னகத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் குதிரையும் 1998இல் வைக்கப்பட்ட சிலையில் ஒரு காலைத் தூக்கியே நிற்கிறது. பீரங்கிகள் மீதும் சின்னங்கள் மீதும் குழந்தைகளை ஏற்றிப் படமெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறித்து வணங்கிய மரபில் வந்த நாம் அதைச் செய்யலாகாது. உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும், மண்ணில் கிடைக்கும் குண்டையோ பொத்தானையோ எடுத்துச் செல்வதும், டிரோன் பறக்கவிடுவதும் சட்டப்படி குற்றங்கள்.

பூங்காவுக்குள் மோட்டார் ஹோமை நிறுத்தி உறங்க அனுமதியில்லை. தனியார் முகாம்கள் வெளியே இருக்கின்றன. ஜூலை முதல் வாரத்தில் போரின் ஆண்டுநினைவுக்காகக் கூட்டம் வரும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்து, மின் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசித் தவறு, தேசிய வீரர் கல்லறையைப் புறப்படும் நேரத்திற்கென ஒதுக்கிவைப்பது. லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று இரண்டே நிமிடங்கள் பேசியது அந்தக் கல்லறையின் அர்ப்பணிப்பு விழாவில்தான். வடபுலப் படையினர் 3,500க்கும் மேற்பட்டோர் அரைவட்ட வரிசைகளில், மாநிலவாரியாக அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் யாரென்று தெரியாததால், அவர்களுக்கு எண் மட்டும் பொறித்த சிறு சதுரக் கற்கள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டுள்ளன. தென்னகப் படையினரின் உடல்கள் பல ஆண்டுகள் வயல்களிலேயே புதைந்து கிடந்து, 1870களில் பெரும்பாலும் ரிச்மண்ட் முதலிய தெற்கு நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பார்வையாளர் மையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில்தான் இந்தக் கல்லறை இருக்கிறது. மோட்டார் ஹோமை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு, காலை வெயில் ஏறுமுன் போய்விடலாம்.