காயம்பட்ட பிட்சருக்கு டிராஃப்டில் எவ்வளவு மதிப்பு? கணக்குப் போடும் முறை

அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. அணிகள் வரிசைப்படி ஒவ்வொரு இளம் வீரராகத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த அணியோடு மட்டும்தான் அந்த வீரர் பேரம் பேச முடியும். முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும், கையெழுத்திடும் வீரருக்குத் தரும் போனஸாக ஒரு பரிந்துரைத் தொகை உண்டு. அதற்கு ஸ்லாட் என்று பெயர். அணியின் ஸ்லாட்டுகளைக் கூட்டினால் வருவதுதான் அதன் போனஸ் பட்ஜெட். அதை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். இதை மனதில் வைத்துக்கொண்டு, காயம்பட்ட பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, எப்படி மதிப்பிடுவது என்று ஆரம்பிக்கலாம்.

படி 1: காயமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்கவுட்கள், அதாவது அணிகளுக்காக இளம் வீரர்களைப் பார்த்து எடைபோடுபவர்கள், 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக், அதாவது உச்ச மட்டத் தொடரின் சராசரி. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர், சேஞ்சப் என்ற பந்து வகைகள், கட்டுப்பாடு என்று தனித்தனியாகப் பார்த்து, ‘நல்ல உடம்போடு இருந்தால் எத்தனையாவதாகப் போவார்?’ என்று ஓர் எண்ணை எழுதுங்கள். அதுதான் உச்சவரம்பு.

படி 2: எந்த இடத்தில் காயம்?

முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது. உடம்பின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுவார்கள். திரும்பிவர 12 முதல் 18 மாதம். பலர் பழைய வேகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதனால் சந்தை இதற்குப் பெரிதாகப் பயப்படுவதில்லை. ஜெஃப் ஹாஃப்மன் 2014 டிராஃப்டுக்குச் சில வாரங்கள் முன்புதான் இந்தச் சிகிச்சை செய்துகொண்டார். ஆனாலும் டொராண்டோ அவரை 9-வது இடத்தில் எடுத்தது.

தோள்பட்டை வேறு கதை. லேப்ரம் (தோள் மூட்டுக் குருத்தெலும்பு), ரொட்டேட்டர் கஃப் (தோளைச் சுற்றியுள்ள தசைகள்) என்று அறிக்கையில் பார்த்தால் நான் முழங்கைக் காயத்துக்குக் குறைப்பதைவிட அதிகமாகக் குறைப்பேன்.

படி 3: தெரிந்த காயமா, ஒளிந்திருக்கும் காயமா?

அணிகள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். 2014-இல் ஹூஸ்டன் முதல் தேர்வாக பிராடி ஏக்கனை எடுத்து 65 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தது. பரிசோதனையில் முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம் வர, தொகையைக் குறைத்தது, ஏக்கன் கையெழுத்திடவில்லை. அடுத்த மார்ச்சில் அவருக்கு டாமி ஜான். ஹூஸ்டனுக்கு ஈடாகக் கிடைத்தது 2015-இன் இரண்டாவது தேர்வு. அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன்! கையெழுத்தாகாத உயர் தேர்வுக்கு இப்படி ஈடு உண்டு என்பதால், பேரம் முறிந்தால் அணிக்கு அவ்வளவு நஷ்டமில்லை. உங்கள் கணக்கில் இதையும் சேருங்கள்.

2022 முதல், முன்னணி வீரர் டிராஃப்டுக்கு முன்பே மருத்துவப் பரிசோதனைக்கு உடன்பட்டால், எடுக்கும் அணி ஸ்லாட்டில் குறைந்தது 75 சதவீதம் தர முன்வர வேண்டும். உடன்படாதவர் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

படி 4: பந்தைப் பாருங்கள்

திரும்பி வந்தவர் என்றால், முதல் இன்னிங்ஸ் வேகத்தையும் ஐந்தாவது இன்னிங்ஸ் வேகத்தையும் ஒப்பிடுங்கள் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). ஒரே ஒரு பந்தில் தொட்ட உச்ச வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 5: கடைசியில், பணம்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். குமார் ராக்கர் என்ற பிட்சரை 2021-இல் நியூயார்க் மெட்ஸ் 10-வதாக எடுத்து, பரிசோதனைக்குப் பிறகு தொகையே முன்வைக்காமல் விட்டது. அவர் தோளில் சிகிச்சை செய்துகொண்டு, மேஜர் லீக் அணிகளோடு தொடர்பில்லாத ஒரு சுயேச்சை லீக்கில் ஆடிக் காட்டினார். 2022-இல் டெக்சஸ் அவரை 3-வது இடத்தில் எடுத்தபோது ‘இவ்வளவு சீக்கிரமாகவா?’ என்று பலர் வியந்தார்கள். அந்த இடத்தின் ஸ்லாட் சுமார் 76 லட்சம் டாலர்; அவர் ஒப்புக்கொண்டது 52 லட்சம். அந்த ஆண்டு டெக்சஸுக்கு இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் கிடையாது. மிச்சப்பட்ட பணத்தைக் கொண்டு நான்காம் சுற்றில் பிராக் போர்ட்டர் என்ற பள்ளி பிட்சரை 37 லட்சத்துக்கு வாங்கினார்கள். ஆக, ராக்கரின் மதிப்பு அவர் ஒருவரோடு நிற்கவில்லை.

2023 மே மாதம் ராக்கருக்கும் டாமி ஜான். 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீகில் முதல் ஆட்டம். என் கணக்கில், அது தோற்ற பேரம் அல்ல. முழு 76 லட்சத்தையும் கொடுத்திருந்தால், சரி, வேறு மாதிரி எழுதியிருப்பேன்.