சப்டைட்டில் படிக்காத பிள்ளைகளுக்கு ஜப்பானியப் படம் காட்ட

என் அப்பா பென்னாகரம் பக்கம் தெருக்கூத்தில் கதையை இடையிடையே சொல்லி நடத்தும் கட்டியங்காரன் வேடம் கட்டியவர். தர்மபுரியில் ஓர் அருங்காட்சியகப் படவிழாவுக்கு ஜப்பானிய அனிமேஷன் படம் போடுகிறோம், பிள்ளைகள் ஆங்கில சப்டைட்டில் படிக்க மாட்டார்களே என்று யோசித்தபோது, நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறேன் என்றேன். ஜப்பானிலும் மௌனப்படக் காலத்தில் இப்படி நின்று கதை சொல்ல ஆள் இருந்தார்கள். பென்ஷி என்று பெயர். இதுவரை மூன்று தடவை செய்துவிட்டேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் அனுமதி. கடையில் வாங்கிய டிஸ்க்கும் ஓடிடி கணக்கும் வீட்டில் பார்க்கத்தான். பள்ளிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் காட்டினால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற இடத்தில், படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதல் படமாக இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வைப் போடுங்கள். 1988இல் வந்தது, 86 நிமிடம். அடிபம்பு வருகிறது, வயல் வருகிறது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தனியாக எதையும் விளக்க வேண்டாம். ஜப்பானில் இதை இசாவோ தகாஹாட்டாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். அது போரில் பட்டினி கிடக்கும் அண்ணன் தங்கை கதை. மிகச் சிறந்த படம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அதே நாளில் வேண்டவே வேண்டாம்.

படத்தை மூன்று முறை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் எழுதிக்கொண்டே. ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பாமல் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சின்னவள் மெய் தன் அக்காவை ‘ஒனேச்சான்’ என்று கூப்பிடுவது சப்டைட்டிலில் வெறும் பெயராகிப்போகும். நமக்கு அது அக்காதான், அப்படியே சொல்லலாம். ‘ஒபாச்சான்’ வந்தால் பாட்டி. ஆயா என்று கூப்பிடும் ஊரில் ஆயா. இன்னொரு வசதி, ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் திரையில் முகம் மாறுகிற நொடியும் உங்கள் வாக்கியம் முடிகிற நொடியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கேட்கவே அவ்வளவு அழகாக இருக்கும்.

மூன்றாவது தடவை, எங்கே பேசக் கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் முக்கியம். முதல் தடவை படம் போட்டபோது நான் இதைச் செய்யவில்லை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம்: அக்கா முதுகில் தங்கை தூங்குகிறாள், பக்கத்தில் தலையில் ஓர் இலையோடு டோட்டோரோ என்கிற பெரிய காட்டுப் பிராணி வந்து நிற்கிறது, அக்கா அதற்கு ஒரு குடை கொடுக்கிறாள். மரத்திலிருந்து சொட்டு குடையில் விழுகிறது. ‘பாருங்க, அதுக்குச் சத்தம் பிடிச்சிருக்கு’ என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பையன் திரும்பி, ‘அண்ணா, மழை கேக்கல’ என்றான். அன்றைக்கே என் நோட்டில் அந்தக் காட்சி முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். இப்போது அங்கே மைக்கை அணைத்துவிடுகிறேன்.

மைக் ஒலி படத்தின் ஒலியைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்க வேண்டும். அதைக் கூடத்தின் கடைசியில் ஒருவரை உட்காரவைத்துச் சரிபாருங்கள். இருட்டும் ரொம்ப வேண்டாம். டோக்கியோ பக்கம் மிடாகாவில் 2001இல் திறந்த, இந்தப் படத்தை எடுத்த கிப்லி ஸ்டுடியோவின் அருங்காட்சியகத்தின் சின்னத் திரையரங்கில் சன்னல்களே வைத்திருக்கிறார்கள். நான் பக்கக் கதவு ஒன்றை ஒரு சாண் திறந்தே விடுவேன். பயப்படுகிற பிள்ளை அதன் பக்கமாக உட்காரலாம்.

கடைசியாக ஒன்று. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் யாராவது விளக்கைப் போட ஓடுவார்கள். சுவிட்ச் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தப் பெயர்களோடு வரும் படங்களில்தான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். படம் முழுக்க அவளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கட்டும்.